எனக்காகப் பேசியவர்

பெங்களூரில் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டு, பாதி வாய் மரத்துப்போய், சாயங்கால ரயிலில் கோலார் தங்க வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே பச்சை மப்ளர் கட்டிய பெரிய மீசைக்காரர். யாரிடம் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு அவரே பதில் சொல்வார்.

என்னிடம் முறுக்கை நீட்டினார். “பல்லு வலிங்க” என்றேன். “பவ்வூ வவீங்” என்றுதான் வெளியே வந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. “பாவம், இவருக்குப் பேச்சு வராது. ஜன்னலாண்ட எடம் உடுங்க” என்று பெட்டிக்கே அறிவித்தார்.

ஜன்னலோரம் கிடைத்தது. யாரோ சில்லென்று மோர் கொடுத்தார்கள். தலை சாய்த்துக்கொள்ள ஒரு பையும் வந்தது. டிக்கெட் பரிசோதகரிடமும், “பேச மாட்டாரு சார், தங்கமான மனுஷன்” என்று அவரே சொன்னார்.

பங்காருப்பேட்டையில் மரப்பு விட்டுவிட்டது. ஆனால் இந்தச் சுகத்தைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

தங்க வயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கும்போது, என்னையறியாமல், “வரேங்கண்ணா, ரொம்ப தேங்க்ஸ்” என்றேன். கணீரென்று வந்தது. பெட்டியே என்னைப் பார்த்தது. எனக்கு உடம்பு கூசியது.

அவர் அசரவில்லை. எழுந்து நின்று, “இன்னா பாக்கறீங்க? பேச வெச்சிட்டேன் இல்ல?” என்றார். எல்லோரும் கைதட்ட, ரயில் நகர்ந்தது.

நிஜமாகவே அப்படி நம்பினாரா, என் மானத்தைக் காப்பாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.