பதினெட்டு நாள் எண்ணிக்கை

என் மனைவி கொசுப்புழு எண்ணுகிறவள். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் நானும் சிரித்தவன்தான். ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். பதினொரு வருடமாக ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒரு கையெழுத்து. தினமும் காலை ஆறு மணிக்குக் கல்லூரிச் சுவரை ஒட்டிய சாக்கடையில், நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கோப்பையால் பத்து இடத்தில் தண்ணீர் மொண்டு, நெளிகிற புழுக்களை எண்ணி நோட்டில் எழுதுவாள். நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். ஊசிப்போன சாமான்களின் நாற்றத்தோடு வீட்டுக்கு வருகிறவன் சாக்கடை நாற்றத்தைக் குறை சொல்ல முடியாது.

வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் வெளி ஆராய்ச்சியாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை வேண்டும் என்று விதி போட்டார்கள். வெளி ஆளுக்கு இவள் எங்கே போவாள்? ஆராய்ச்சிக்காரர்கள் கூடுகிற ஓர் இணையதளத்தில் சேர்ந்து முப்பத்தொரு பேருக்குக் கடிதம் எழுதினாள். இருபத்தாறு கடிதம் கிணற்றில் போட்ட கல். மூன்று பேர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஒரு மகானுபாவர் நோட்டு முழுவதையும் அனுப்பிவிடு, என் பெயர் முதலில் வரும், உன் பெயர் எங்காவது வரும் என்றார். கடைசி ஆள் மட்டும், "உங்கள் கோப்பை எத்தனை மில்லி பிடிக்கும்?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். என்னிடம்கூட அப்படி மயங்கியதில்லை.

அவர் கடல் தாண்டிப் போய் முப்பது வருடமானவர். பேச்சு மட்டும் நம் பேச்சாகவே இருந்தது. புள்ளிவிவரம் போடுகிறவர் என்பதால் நான் வைத்த பெயர் கணக்கு சார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வருவார். சிரிக்கமாட்டார். கேட்டதையே மூன்று முறை கேட்பார். இப்படி இரண்டு வருடம். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே அவருக்குப் பதில் சொல்வாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் திருத்துவாள். 'கடைசி' என்று பெயர் வைத்த கோப்புக்குப் பிறகு 'கடைசிக்கும் கடைசி' வந்தது, அதற்குப் பிறகும் நான்கு வந்தன. அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் வந்ததுதான் மிச்சம் என்று நான் நினைத்திருந்தபோது, கட்டுரை முடிந்தது. மழை விட்ட உடனே புழு கூடுவதில்லை, இரண்டாவது வாரத்தில்தான் மளமளவென்று கூடுகிறது என்பது அதன் சாரம். நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் மூடப் பதினோரு நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கணக்கு சார் குரல் கேட்டது.

"மழை விட்டப்புறம் ஒரு பதினெட்டு நாள் இருக்கேம்மா, அதுல எண்ணெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கு. புழு இவ்வளவு ஒழுங்கா இருக்காது. யார் எடுத்தது?"

"எனக்கு ஆபரேஷன் ஆன சமயம் சார். எங்க வீட்டுக்காரர்தான் எடுத்தார். ஒரு நாள்கூட விடல."

நான் குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

வீடியோ கால் முடிந்ததும் அவள் வந்து, தானே குழாயை மூடினாள்.

"எத்தனை நாள் போனீங்க?"

"மூணு நாள்."

"மீதி?"

"வாய்க்கு வந்தது."

சொல்லிக்கொள்வதற்கு நியாயங்கள் தயாராகத்தான் இருந்தன. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, கஞ்சி காய்ச்சி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கிருந்து வேலைக்கு ஓடி என்று நாய் படாத பாடு பட்ட நாட்கள் அவை. ஆனால் அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"ஏன் கூடிக்கிட்டே போச்சு?"

"கூடுனா உன் முகம் தெளிஞ்சுது. அதான் கூட்டுனேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் போய் அவரை மறுபடி அழைத்தாள்.

"சார், அந்த எண்ணெல்லாம் நிஜமில்ல. எங்க வீட்ல நடந்த தப்பு."

"எடுத்துடலாம்மா. ஆனா எடுத்துட்டா நாம சொல்ல வந்தது நிக்காது. அடுத்த மழைக்கு மறுபடி எண்ணணும். எண்ணுனா நான் கூட இருக்கேன்."

"பட்டியல் பதினோரு நாள்ல மூடுது சார்."

"தெரியும்மா. பொய் எண்ணுக்குக் கீழ என் பேரப் போட முடியாது."

"என் பேரையும்தான் சார்" என்றாள்.

பட்டியல் மூடியது. அவள் பன்னிரண்டாவது வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. இரண்டு வருட உழைப்பை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் அளந்துவிட்ட எண்கள் தின்றுவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பதினெட்டு வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். கட்டுரையை ஒரு தடவை கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வரி இருந்தது. தான் நோயில் கிடந்த நாட்களில், ஒரு நாளும் தவறாமல் தனக்காக எண்ணித் தந்த கணவருக்கு நன்றி என்று.

"இதையும் எடுத்துடு" என்றேன்.

அவள் விரல் விசை மேல் அப்படியே நின்றது.

"நூத்திப் பத்துன்னு ஒரு நாள் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தச் சாக்கடையை நானே போய்ப் பார்க்கணும்னு தோணுச்சு. ஆபரேஷனுக்கப்புறம் அன்னிக்குத்தான் முதல் தடவையா எழுந்து நடந்தேன்."

சொல்லிவிட்டு அந்த வரியை அழித்தாள்.