அக்காவின் பிளாஸ்கில் இருந்தது சுக்குக் காப்பிதான்

நினைவு மலர் கைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். அட்டைப் படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவோம், குடும்பப் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று தேடுவோம், மடித்துப் பையில் வைத்துவிடுவோம். நானும் அப்படிச் செய்பவன்தான். அதனால்தான் சொல்ல வேண்டியதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறையும் இன்று, இந்தப் பக்கத்தை மட்டுமாவது கடைசி வரி வரைக்கும் படித்துவிடும்படி உங்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா புன்னைக்காயலில் பிறந்தார்கள். எங்கள் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். ஒரு புயலில் இடுப்பில் அடிபட்ட பிறகு அவர்கள் கடலுக்குப் போகவில்லை. அம்மா கருவாடு விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அக்கா கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து, வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரிப் பேராசிரியை ஆனார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் படிக்க வைத்தது அவர்கள்தான். அதை யாராவது சொன்னால் மட்டும் அவர்களுக்குக் கோபம் வரும்.

அவர்களுடைய ஆராய்ச்சி உப்பளங்களின் ஓரத்தில் வளரும் ஒரு செடியைப் பற்றியது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும். இலையைக் காயவைத்துப் பொடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, அதில் இறங்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது அவர்கள் வேலை. என் வேலை வேறு. அணுவுக்குள் இருக்கும் புரோட்டான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டு, சிதறுவதில் புதிதாக ஏதாவது தென்படுகிறதா என்று தேடும் பெரிய கூட்டத்தில் நானும் ஒருவன். மோதல் நடப்பது வெளிநாட்டில். நான் இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவன். "என் தம்பி மோதி உடைக்கியவன், நான் ஊறவச்சுப் பிரிக்கியவ" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒருமுறை எங்கள் மோதல் கணக்கின் வரைபடத்தில் எதிர்பாராத இடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. புதுத் துகளாக இருக்குமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். மேலும் மேலும் மோதல்கள் சேரச் சேர, அந்த மேடு தாழ்ந்து தாழ்ந்து மற்ற இடங்களோடு சமமாகிவிட்டது. வெறும் தற்செயல். நான் சோர்ந்து போயிருந்தபோது அக்கா தேற்றினார்கள்: "விடுலே. நெசமா இருந்தா நின்னிருக்கும். அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லாம இருந்தியே, அது போதும்."

சில ஆண்டுகள் கழித்து அவர்கள் முறை வந்தது. அந்தச் செடியின் சாறு, ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை அழித்தது. கல்லூரியில் பாராட்டினார்கள், செய்தித்தாளில் படத்தோடு வந்தது. அக்காவுக்கோ பதற்றம். "ஏலே, இதுவும் ஒன் மேடு மாதிரி போயிருமோ?" என்று போனில் கேட்டார்கள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மேடு போகவில்லை. ஆனால் அதே அளவுச் சாறு நல்ல ஈரல் செல்களையும் சேர்த்தே அழித்தது. அதைக் கேட்டு எழுத எந்தச் செய்தித்தாளிலிருந்தும் யாரும் வரவில்லை.

பிறகு அக்காவுக்கே அந்த நோய் வந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் அலைகிறீர்கள்? நானும் கேட்டேன். மேடுகளை அவசரப்பட்டு நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அக்கா என்று வந்தபோது, ஒரு கரண்டியாவது குடித்துப் பாருங்களேன் என்றுதான் என் வாயில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் குடிச்சா, நான் மட்டுமா குடிப்பேன்லே? இந்தக் கரையே குடிக்கும். ஈரல் தாங்காது" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கடைசிவரை அவர்கள் அதில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஊசி மருந்து ஏற்றும் நாட்களில் குமட்டலுக்கு இதமாக இருக்கட்டும் என்று, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அம்மா போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியைப் பச்சை நிறப் பிளாஸ்கில் எடுத்துப் போவார்கள். உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, மல்லி, துளி மிளகு. அவ்வளவுதான். ஆனால் செடி ஆராய்ச்சி செய்த பேராசிரியை கறுப்பாக ஏதோ குடிக்கிறார் என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? டாக்டர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் காலம் அக்கா இருந்தார்கள். அந்தப் பெருமை முழுவதும் பிளாஸ்க்குக்குப் போய்விட்டது.

போன மாதம் எங்கள் சித்தி ஒருவரைப் பார்க்கப் போனேன். தருவைகுளத்திலிருந்து ஆலந்தலை வரைக்கும் எங்களுக்குச் சித்திமார் உண்டு. எந்தச் சித்தி என்று யாரும் தேட வேண்டாம். அவர்களுக்கும் புற்றுநோய். தொடக்கம்தான், சிகிச்சையைத் தொடர்ந்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் சித்தி ஊசிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். அடுப்பில் அந்தச் செடி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் சேலையில் வருஷக்கணக்கில் வீசிய வாசனை அது.

"சித்தி, அக்கா இதக் குடிக்கவேயில்ல."

"ஏம்ல பொய் சொல்லுத? பிளாஸ்க என் கண்ணால பாத்தேன்."

"அது சுக்குக் காப்பி, சித்தி."

"சுக்குக் காப்பியிலயா அவ அம்புட்டு நாள் இருந்தா? மருந்துக் கம்பெனிக்காரன் வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பான். குடும்பமே சேந்து மறைக்கிய."

தட்டில் வளரும் செல் வேறு, மனித உடம்பு வேறு என்று சொன்னேன். தாழ்ந்துபோன என் மேட்டைப் பற்றிச் சொன்னேன். சித்தி எழுந்துபோய் எனக்குப் பனங்கிழங்கு கொண்டுவந்து வைத்தார்கள். பேச்சு முடிந்தது என்று பொருள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. இன்னும் எத்தனை வீட்டு அடுப்பில் அது கொதிக்கிறதோ தெரியவில்லை. அக்கா எதற்குப் பயந்து தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டார்களோ அதுவே, அவர்கள் பெயரைச் சொல்லியே நடக்கிறது. தயவுசெய்து யாரும் அதைக் குடிக்காதீர்கள். குடிக்கிறவர்களைத் தெரிந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்தாவது கொடுங்கள்.

அக்காவின் நோய்க்காலத்தில் பொறுமையாகக் கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், இரத்தம் கொடுத்த மாணவிகளுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், வீட்டுக்கு வந்து செபித்த பங்குத்தந்தைக்கும் அன்பியச் செபக்குழுவினருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. பிளாஸ்க்கைப் பற்றிய பேச்சும் அக்கா மேல் நீங்கள் வைத்த பாசத்தில் பிறந்ததுதான். யார் மேலும் எங்களுக்கு வருத்தமில்லை.

திருப்பலி முடிந்ததும் எல்லாரும் பங்கு மண்டபத்துக்கு வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போக வேண்டும். அம்மா காலையிலேயே எழுந்து, அதே பக்குவத்தில் சுக்குக் காப்பி போட்டிருக்கிறார்கள்.

சித்தி, முதல் டம்ளர் உங்களுக்கு. நீங்கள் பார்த்த அதே பச்சைப் பிளாஸ்கிலிருந்து என் கையால் ஊற்றித் தருகிறேன். குடித்துப் பாருங்கள். அக்கா குடித்தது அதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் கார் கொண்டு வருகிறேன், ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போவோம். பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.