ஆமா போடுகிறவன்

வில்லுப்பாட்டில் என் வேலை குடம் அடிப்பதும் ஆமா போடுவதும். அண்ணன் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். ஒவ்வொரு வரி முடிந்ததும் பக்கத்திலிருந்து நான் "ஆமா" என்பேன். அவர் என்ன சொன்னாலும் ஆமாதான். மேடையில் அண்ணாவியை, அதாவது தலைமைப் பாடகரை, மறுத்துப் பேசும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மற்ற நாட்களில் கழக்கூட்டம் பக்கம் ஒரு கேன்டீனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அங்கேயும் நீ ஆமாம் சாமிதானே என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

போன சித்திரையில் ஆரியசாலைப் பக்கம் எங்கள் ஆட்களின் கோயிலில் கொடைத் திருவிழா. காலையில் கிளம்பும்போது மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, நேத்து கடைக்குப் போயிட்டு வந்த ஒங்க அண்ணன் நம்ம வாசல்லயே நின்னு, இது யாரு வீடுன்னு கேக்காரு. இன்னைக்குப் பாட வேண்டாம்னா கேக்க மாட்டேங்காரு. நீங்க பக்கத்துலதான இருக்கிய, பாத்துக்கிடுங்க."

"நான் பாத்துக்கிடுதேன் மதினி" என்றேன், பெரிய சூரன் மாதிரி.

எங்கள் சாமி, முன்னொரு காலத்தில் சதியால் வெட்டுப்பட்டுச் செத்த வீரர். பாட்டில் அந்த வெட்டு விழும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். அதன் பிறகுதான் உச்சிப் பூசை. சாமியாடி, சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் மனிதர். அன்று குளித்து, கச்சை கட்டி, பீடத்தின் முன்னால் காத்துக்கொண்டு நின்றார்.

பாட்டில் வீரர் பிறந்தார். பெண்கள் குரவையிட்டார்கள். அண்ணன் குரலில் ஒரு குறையும் இல்லை. மதினி சும்மா பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை வளர்ந்தது, சண்டைகளை ஜெயித்தது. சதிகாரர்கள் வழியில் பதுங்கி அரிவாளை ஓங்கினார்கள். அங்கே அண்ணன் நின்றார். வில்லை இரண்டு தடவை தட்டினார். பிறகு தாய்க்கு மாதம் பத்து ஆனதென்று பாடி, பிள்ளையை மறுபடியும் பிறக்க வைத்தார்.

"ஆமா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நாலைந்து பெண்கள் பழக்கத்தில் குரவையிட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அடுத்தமுறை வெட்டு நெருங்கியபோது நானே முந்திக்கொண்டு வெட்டு விழும் பாட்டு வரியை எடுத்துக் கொடுத்தேன். குடக்காரன் அண்ணாவியை முந்தலாமா? அண்ணன் என்னை முறைத்தார். குரலை ஏற்றி என் குரலை அமுக்கிவிட்டு, திரும்பவும் பிறப்புக்கே போனார். மூன்றாவது பிறப்புக்கு யாரும் குரவையிடவில்லை.

கோயில் செயலாளர் குனிந்து வந்து என் காதில் சொன்னார்: "மதி அண்ணாச்சி, நிறுத்தச் சொல்லுங்க. சாமி வரண்டாமா?"

என்னால் முடியவில்லை. குடத்தை அடித்துக்கொண்டே இருந்தேன். செயலாளர் கையைக் காட்ட, ஓரமாக உட்கார்ந்திருந்த நையாண்டி மேளம் எழுந்து முழங்கியது. அந்தச் சத்தத்திலேயே சாமியாடிக்கு அருள் வந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டது.

அண்ணன் பாடிக்கொண்டேதான் இருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் ஆமா போட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது வில்லையும் குடத்தையும் ஆட்டோவில் அவர் என்னிடம் தந்துவிட்டார். வீசுகோலை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். கிழக்கேகோட்டை சிக்னலில் ஆட்டோ நின்றபோது கேட்டார்.

"ஏல, நான் இன்னைக்குக் கதைய எங்கயோ விட்டுட்டேன், இல்லியா?"

சின்ன வயதிலிருந்து அவருக்கு நான் சொல்லிவந்த ஒரே பதில் ஆமாதான்.

"இல்லண்ணே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். வீசுகோலால் என் முழங்காலில் மெல்ல ஒரு தட்டு தட்டினார். பிறகு, மேடையில் வரியை முடித்துவிட்டுக் காத்திருப்பதுபோலவே காத்திருந்தார்.