ஒற்றைக் கண் கும்பிடு

இலங்கையில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் கங்காணி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தொழிலாளர் எல்லோரும் என்னைக் கும்பிட்டு நிற்க, மாடசாமி மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். முந்தின வாரம் சரிவில் விழுந்து அவன் பிடரியில் அடிபட்டது எனக்குத் தெரியும். இருந்தும், நையாண்டி செய்கிறான் என்று எல்லோர் முன்னாலும் அறைந்தேன். தள்ளாடி விழுந்தான்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்முன் விரலை அசைத்துப் பார்த்தார்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. பிடரியில பட்ட அடி மூளைத்தண்டைப் பாதிச்சிருக்கு. ஒரு கண்ணு சரியாத் திரும்பல. அதனால எல்லாம் ரெண்டாத் தெரியுது.”

“ஏன்டா சொல்லல?” என்றேன்.

“ரெண்டு ஐயா நின்னீங்க. யாரைக் கும்பிடுறதுன்னு தெரியலைங்க. அதான் ஒரு கண்ண மூடினேன்.”

படுத்தபடியே ஒரு கண்ணை மூடி, என்னைச் சரியாகக் கும்பிட்டான். கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

அதற்குப்பின் யாரையும் நான் கும்பிடச் சொன்னதில்லை.