பழவேற்காட்டில் மாடி அடிக்கப் போன கதை

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் மழைக்கு முன்னால் வீட்டைத் தயார் செய்வதைப் பற்றி ஆடி மாதம் இங்கே எழுதியிருந்தேன். கூரைப்புல்லைத் தை மாதமே அறுத்துக் காயவைப்பது, சுவருக்கு மண் பூசுவது, விறகை நனையாமல் பரணில் ஏற்றுவது என்று ஒரு நீளக் கட்டுரை. அதற்கு வந்த பின்னூட்டங்களில் ஒன்று இரண்டே வரி. "உங்களுக்குப் புல்லு, எங்களுக்குச் சுண்ணாம்பு. ஐப்பசிக்கு முன்னாடி பழவேற்காடு வாங்க, மாடி அடிக்கிறதைக் காட்டுறேன்." எழுதியவர் பெயர் நூர்ஜஹான்.

மாடியை எதற்கு அடிக்க வேண்டும்? இது தெரியாமல் எனக்கு இரண்டு மாதம் தூக்கம் கெட்டது (கொஞ்சம் மிகைதான்). அக்டோபர் இரண்டாவது வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. "வேலை ஆரம்பிச்சாச்சும்மா. சனிக்கிழமை வந்தா கட்டையும் புடிக்கலாம்."

சனிக்கிழமை காலை 5.40க்குக் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தேன். டிக்கெட் பத்து ரூபாய். அத்திப்பட்டு தாண்டியதும் ஜன்னலில் உப்புக்காற்று. அனுப்பம்பட்டில் மீன்கூடைக்காரப் பெண்கள் நால்வர் ஏறினார்கள். 6.35க்குப் பொன்னேரி. ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையம் நடக்கிற தூரம்தான், ஆனால் நான் பேருந்து போய்விடுமோ என்று ஓடினேன். அங்கிருந்து பழவேற்காடு சுமார் 18 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை.

"பறவை பாக்கவா?" என்றார் கண்டக்டர், என் முதுகுப்பையைப் பார்த்து. "பூநாரை இன்னும் வரலியே. மழை பேஞ்சு ஏரி ரொம்பணும்."

"இல்லைங்க, மாடி அடிக்கப் போறேன்."

அவர் டிரைவரிடம் அதைச் சத்தமாகச் சொல்ல, முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பி, "யாரு, நூர்ஜஹான் வூட்டுக்கா?" என்றார். ஊர் அவ்வளவுதான்.

நூர்ஜஹான் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கருவாட்டு வியாபாரம். கோட்டைத் தெருப் பக்கம் பழைய வீடு. தேக்கு உத்திரங்கள், அவற்றின்மேல் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதற்கும் மேலே சுண்ணாம்புத் தளம். கம்பியோ சிமெண்டோ கிடையாது. சென்ற வருட மழையில் மேற்கு அறை முழுக்க ஒழுகியிருக்கிறது. அவர் தம்பி யூசுஃப் அதே வீட்டில் இருக்கிறார், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. அக்காவை அவர் லாத்தா என்று கூப்பிடுவார்.

"வருஷா வருஷம் மழை வந்தா கட்டிலை இழுத்துக்கிட்டு ரூம் ரூமா அலையறோம். மூணு பிள்ளைங்க படிக்குதுங்க, புத்தகமெல்லாம் நனைஞ்சுது. இடிச்சிட்டு கான்கிரீட் போடுவோம்னு சொன்னா லாத்தா கேக்கல," என்றார் யூசுஃப், நான் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில். அவர் பக்கம் நியாயம் இருந்தது. எனக்கே தலையாட்டத் தோன்றியது.

"இந்த மழை வரைக்கும் பொறுன்னு சொல்லியிருக்கேன்ல," என்றார் அக்கா.

ஒப்பந்தம் அதுதான். மேற்கு அறைத் தளத்தை மட்டும் புதிதாகப் போடுவது. முதல் மழைக்கு ஒழுகினால், பொங்கல் கழித்து வீட்டை இடிப்பது. அக்கா ஒத்துக்கொண்டிருந்தார்.

செங்குத்தான படியில் ஏறி மாடிக்குப் போனால், எட்டுப் பெண்கள் எதிரெதிரே இரண்டு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கிரிக்கெட் மட்டையைப் பாதியாக வெட்டியது போல ஒரு மரக்கட்டை. செங்கல் ஜல்லியும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கலந்து பரப்பிய தளத்தை நாலு நாளாக அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கடுக்காய் ஊறிய வெல்லத்தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வர, டப் டப் டப் என்று எட்டுக் கட்டையும் ஒரே நேரத்தில் விழுந்தன. வெல்ல வாசனை, சுண்ணாம்பு நெடி, காலடியில் வீடே துடிப்பது போன்ற அதிர்வு. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

இருபது நிமிடத்தில் உள்ளங்கையில் கொப்புளம்.

"இன்னாம்மா, மலைல கட்டையே புடிச்சதில்லியா?" என்றார் வரிசையை நடத்திய கஸ்தூரி அக்கா. மற்ற மாதங்களில் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர். மற்றவர்களும் அப்படித்தான். ஆவணியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை இவ்வளவு தள்ளிப்போனதற்கும் இறால்தான் காரணம். இந்த வருடம் ஏரியில் தண்ணீர் இறங்கி கை நிறைய இறால் கிடைத்ததால், ஒருத்தரும் கரையேறவில்லை.

"எங்க ஊர்ல புல்லுதான் அக்கா."

"அப்போ ஓங்கி அடிக்காதே. உள்ள வெடிச்சிடும். தூக்கி வுடு, கட்ட தானா விழும்."

பதினோரு மணிக்கு, கடைசியாக விட்டுவைத்திருந்த மேற்கு மூலையில் பழைய தளத்தைக் கொஞ்சம் பெயர்த்தார்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கியதாம். நான் எட்டிப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாகச் சுண்ணாம்பு அடுக்குகள், வெள்ளை, பழுப்பு, சாம்பல், மறுபடி வெள்ளை. ஒவ்வொன்றும் யாரோ எப்போதோ மழைக்கு முன்னால் போட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய, சின்ன, மஞ்சள் நிறச் செங்கல். டச்சுக்காரர் காலத்துக் கல் என்றார் நூர்ஜஹான் அக்கா, அடுப்படியில் உப்பு இருக்கிறது என்று சொல்கிற தொனியில். "எங்க ஆளுங்க அவங்களுக்குத் துணி வித்தவங்க. அவங்க கோட்டை விழுந்தப்புறம் ஊரே அந்தக் கல்லை எடுத்துத்தான் வீடு கட்டிச்சாம்."

கையை விட்டு அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். "அப்போ கோட்டை மேலயும் இப்படித்தான் தளம் போட்டிருப்பாங்களா?"

"பின்ன?" என்றார் கஸ்தூரி அக்கா, கட்டையைத் தட்டிச் சுண்ணாம்பை உதிர்த்தபடி. "வெள்ளக்காரனுக்கு மட்டும் மழ ஒழுகாதா? ஆளு கூப்ட்டுத்தான் அடிச்சிருப்பான். எங்க ஆளுங்கதான் அடிச்சிருப்பாங்க."

மூலையில் புதுக் கலவையை நிரப்பிவிட்டு, மதியம் இறால் தொக்கும் சோறும். சாயங்காலம் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு காவல் நிற்கின்றன. உள்ளே பலகைக் கற்களில் கப்பல், கேடயம், எனக்குப் புரியாத டச்சு வாசகங்கள். பெரிய மனிதர்களின் பெயர்கள். சென்ற முறை வந்தபோது அரை நாள் அங்கேயே இருந்தேன். இந்த முறை இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன், மாடியில் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கஸ்தூரி அக்காவுடன் ஏரிக்கரை. பறி என்கிற பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவதும், அகப்பட்ட இறாலைப் பறியில் போடுவதும் ஒரே அசைவாக இருந்தன. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, சட்டென்று நிமிர்ந்து வடக்கே பார்த்தார். கரையேறிப் பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"வாடைக் காத்து வந்துட்சி."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வானம் நீலமாகத்தான் இருந்தது. தண்ணீரின் மேல் சின்னச் சுருக்கங்கள் வடக்கிலிருந்து வந்தன, அவ்வளவுதான்.

"இன்னிக்கு மழைங்கிறீங்களா?"

"மத்தியானத்துக்குள்ள. ஓடு, ஓடு. தளம் இன்னும் ஆவலே."

ஏழு மணிக்கு எல்லோரும் மாடியில். அடித்து முடியாத சுண்ணாம்பில் பெருமழை விழுந்தால், ஐந்து நாள் உழைப்பு கரைந்து சந்தில் ஓடிவிடும். அன்று யாரும் கதை பேசவில்லை. ஒன்பது மணிக்கு நூர்ஜஹான் அக்காவும் கட்டையோடு வந்து உட்கார்ந்தார். தளம் இறுகிவிட்டது என்பது சத்தத்தில் தெரியுமாம். பத்து மணிக்கு வடக்கே ஒரு கறுப்புக் கோடு. பதினொன்றுக்கு அது பாதி வானம். மீன்பிடிக்கப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

11.50க்குச் சத்தம் மாறியது. டப் என்பது டங் என்றானது. கல்லில் தட்டுகிற சத்தம்! கஸ்தூரி அக்கா ஓர் இடத்தில் அடித்தார், இன்னோர் இடத்தில் அடித்தார். "ஆச்சு. மூடு, மூடு!"

தார்ப்பாயை விரித்தோம். காற்று அதை ஒரே உதறலில் தூக்கிவிட்டது. மூலைக்கு ஒருவராகப் பிடித்தோம், நான் இழுபட்டுக் கைப்பிடிச்சுவரில் முட்டிக்கொண்டேன். செங்கல் வைத்தால் புதுத்தளம் குழியும். கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்த யூசுஃப், சத்தம் கேட்டுப் படியேறி வந்தார். அக்காவின் கையிலிருந்து பாய் நழுவுவதைப் பார்த்தார், பாய்ந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"வலை எடுத்தாங்க யாராவது!" என்று கத்தினார் கஸ்தூரி அக்கா. "ஈயம் கட்ன வலை!"

யூசுஃப் மூலையை என் கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினார். மூன்றே நிமிடத்தில் அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு பெரிய வலையைச் சுமந்து வந்தார்கள். வீசினார்கள். வலை தார்ப்பாயின்மேல் விழுந்து படிந்தது. ஓரம் முழுக்க ஈயக்குண்டுகள், பாய் திமிறத் திமிற அமுக்கிக்கொண்டன. கயிற்றைக் கைப்பிடிச்சுவரில் கட்டி முடித்தபோது முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. மணி 12.25. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பெண்களும் சிரித்தார்கள்.

"கேட்டுட்டா எடுத்தாந்தே?" என்றார் நூர்ஜஹான் அக்கா.

"சொல்லிட்டு எடுத்தாந்தேன் லாத்தா," என்றார் யூசுஃப். வலைக்காரர் பக்கத்திலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லோரும் மேற்கு அறையில். ஈரத் துணியோடு டீ குடித்தபடி பன்னிரண்டு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே தெருவே தெரியாத மழை. யூசுஃப் டார்ச் அடித்து உத்திரம் உத்திரமாகப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும், ஒன்றரை மணிக்கு மேற்கு மூலையில் ஈரம் தெரிந்தது. முதலில் நாலணா அளவு, பிறகு ஒரு தட்டு அளவு.

"பாத்திரம் வைக்கவா?" என்றார் யூசுஃப்.

"வைக்காதே," என்றார் அக்கா.

ஈரம் அங்கேயே நின்றது. பெரிதாகவும் இல்லை, சொட்டவும் இல்லை. 2.40க்கு மழை விட்டது. யூசுஃப் ஸ்டூலில் ஏறி அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தினார், கையைத் திருப்பிப் பார்த்தார், லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூலைல இன்னும் ரெண்டு நாள் அடிக்கணும்," என்றார் கஸ்தூரி அக்காவிடம்.

நூர்ஜஹான் அக்கா டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மலைக்கும் ஏரிக்கும் இடையே என்ன உறவு என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். நாங்கள் புல் அறுக்கும் நாளை முடிவு செய்வது மலை. இவர்கள் மாடி அடிக்கும் நாளை முடிவு செய்வது இறால். வீட்டைப் பார்த்துக்கொள்வது தனி வேலை என்று நினைத்திருந்தேன். அது பிழைப்பின் இடைவெளியில், ஆள் கிடைக்கும்போது, மழையோடு போட்டி போட்டுச் செய்கிற வேலை. அந்த அவசரத்தில்தான் பக்கத்து வீட்டு வலை நம் கூரைக்கு வருகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மீஞ்சூரில் இறங்கிக் காட்டூர் வழியாகவும் வரலாம், ஆனால் அந்தப் பக்கம் பேருந்து குறைவு, விசாரித்துக்கொண்டு போங்கள். பூநாரைக்கு மழைக்குப் பிந்தைய மாதங்கள். மாடி அடிப்பதற்கு ஆவணியிலிருந்து புரட்டாசிக் கடைசி வரை, அதுவும் யாராவது அந்த வருடம் செய்தால்தான். கல்லறைத் தோட்டத்தைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள். படகுச் சவாரிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். கட்டை பிடிக்கும் ஆசை இருந்தால் கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்ததே, அதில் இரண்டாவது நாள் நூர்ஜஹான் அக்கா ஒரு படம் அனுப்பினார். மத்தியான நேரம், ஜன்னலுக்கு வெளியே மழை. மேற்கு அறைத் தரையில் பாய் விரித்து, வாயைத் திறந்தபடி யூசுஃப் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.