கிள்ளானில் ஒரு தைம் செடி

கிள்ளான் ரயில் நிலையப் பலகையில், மடியில் மண்தொட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். தொட்டியில் இருப்பது தைம் என்ற சீமைச் செடி. ஆட்டிறைச்சி வாட்டும்போது அதன் இலையைத் தூவச் சொல்வார் எங்கள் துரைசாணி. நான் அவருடைய கோலாலம்பூர் பங்களாவில் சமையல்காரன். சீமைக்குப் போகும்போது அவர் என்னை நம்பி விட்டுப்போன செடி, இப்போது காய்ந்து நிற்கிறது. நாளை அவர் திரும்பி வருகிறார். இங்கே வேறொரு பங்களாவில் இதே செடி இருக்கிறதாம். முன்பின் தெரியாத வாசலில் நின்று ஒரு கன்று கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு மணி நேரமாக இந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பாசாரில், அதாவது சந்தையில், கீரை விற்கப் போகும் பெண் ஒருத்தி, கூடையை இறக்கிவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கிறாள்.

"தினம் தண்ணி ஊத்துனீங்களா, அண்ணே?"

"துளசிக்கு ஊத்துறப்ப இதுக்கும் ஒரு சொம்பு."

"நல்லா மூழ்கடிச்சிருக்கீங்க!"

சிரித்துக்கொண்டே நகத்தால் தண்டைச் சுரண்டுகிறாள். உள்ளே பச்சையாக இருக்கிறது. அடியில் இரண்டு துளிர்களையும் அவள்தான் காட்டுகிறாள்.

"உசிரு இருக்கு. பாதி மணலக் கலந்து வெயில்ல வைங்க. மண்ணு காஞ்சாதான் தண்ணி."

"துரைசாணி கேட்டா என்ன சொல்றது?"

"இந்த ஊரு மழையில இதாச்சும் பொழைச்சுதேன்னு சொல்லுங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அவள் காய்ந்த இலையைக் கசக்கி மோந்து பார்க்கிறாள்.

"மீன் கொழம்புல போடலாமா?"

காய்ந்த கிளைகளை ஒடித்து அவள் கூடையில் வைக்கிறேன். பிறகு, எந்த வாசலுக்கும் போகாமல், கோலாலம்பூருக்குச் சீட்டு எடுக்கிறேன்.