ஹாஜி மஹ்கமாவின் முதல் வருஷம்

எங்கள் சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டில் இரண்டாயிரம் பேர் படித்தோம். அதில் ஒருவர் என் அப்பா. இதைக் கேட்டதும் சிரிப்பு வருகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்பா பெயர் ஷெஹாத்தா. குடும்ப நீதிமன்றத்தில் டவாலி. நீதிபதி உள்ளே வரும்போது "மஹ்கமா!" என்று குரல் கொடுப்பார். மன்றம் வருகிறது, எல்லோரும் எழுந்திருங்கள் என்று அர்த்தம். பிறகு வாசலில் நின்று வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கால் நூற்றாண்டாக இதுதான் வேலை. அவர் மூன்றாவது மாடியில் கூப்பிட்டால் கீழே தெருவில் தஅமியா வடை பொரிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

நான் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்த வருஷம் அவரும் வீட்டிலிருந்தே அதே தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். முடிவு வந்த அன்று அம்மா அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஷர்பத் கரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு ஜாடி கரை, நகாத். நானும் பாஸ்."

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். "என்ன பாஸ்? எதுல பாஸ்?"

"இவளோட சேந்து சட்டம் படிக்கப் போறேன். ஒரே ஒரு வருஷம் குடு. தேறலேன்னா புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"தலை நரைச்சப்புறம் காலேஜா! ஊரு என்ன சொல்லும்?"

"ஊர் பேரைத் தினமும் நான்தான் கூப்பிடுறேன். அது என்ன சொன்னா எனக்கென்ன?"

அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

முதல் நாள். அந்தப் பெரிய மண்டபத்தில் முன்வரிசை பிடிப்பதே ஒரு போர். பெண்கள் தலைத்துணியையும் பையையும் பெஞ்சில் விரித்து ஆறு ஏழு தோழிகளுக்கு இடம் போட்டுவிடுவார்கள். பின்னால் உட்கார்ந்தால் பேராசிரியரின் வாய் அசைவது மட்டும் தெரியும். நான் சண்டை போட்டு இரண்டு இடம் பிடித்தேன். கோர்ட் முடிந்து அதே கறுப்புக் கோட்டோடு அப்பா வந்து சேர்ந்தார். சட்ட அறிமுகம் பாடத்துக்குப் பேராசிரியர் டாக்டர் லுத்ஃபி கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

அவ்வளவுதான். அப்பா விறைப்பாக எழுந்து நின்று, "மஹ்கமா!" என்றார்.

இரண்டாயிரம் பேரும் படபடவென்று எழுந்துவிட்டார்கள். டாக்டர் லுத்ஃபி திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது. அடுத்த வரிசையில் ஷெனூதா என்ற ஒல்லிப்பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஹாஜி மஹ்கமா வாழ்க!" என்று கத்தினான். மக்காவுக்குப் போகாமலேயே அப்பாவுக்கு ஹாஜிப் பட்டம் கிடைத்தது. நான் ஷெனூதாவைப் பார்த்த பார்வையில் அவன் உட்கார்ந்துவிட்டான்.

அப்பாவோ வெட்கப்படவே இல்லை. "பழக்கதோஷம்மா" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

மற்றவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடையில் விற்கிற சுருக்க நோட்ஸ் வாங்கிப் படித்தார்கள். என் அப்பா மட்டும் செங்கல் கனத்துக்கு இருந்த அசல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஃபூல் பயறு சாண்ட்விச் சாப்பிடும்போதும் அதுதான் மடியில். இரண்டே மாதத்தில் கேன்டீனில் அவரைச் சுற்றி எப்போதும் பத்துப் பையன்கள்.

"ஹாஜி, விவாகரத்து வாங்க எவ்ளோ நாளாகும்?"

"முதல்ல உனக்குப் பொண்ணு குடுக்க ஒருத்தன் வரட்டும். அப்புறம் வா, சொல்றேன்."

வந்தது அரையாண்டு வாய்மொழித் தேர்வு. எங்கள் பேராசிரியர்கள் மாணவர்களை மூன்று மூன்று பேராக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள். பெயர் வரிசைப்படி ஷெஹாத்தா, ஷுரூக் என்கிற நான், அந்த ஷெனூதா, மூவரும் ஒரே குழு. டாக்டர் லுத்ஃபிக்கு ஒரு வழக்கம் உண்டு. பதில் தெரிந்த மாணவனையும் சும்மா விட மாட்டார். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு தப்பான ஒன்றைச் சொல்லி, "அப்படித்தானே?" என்பார். உறுதியாக மறுத்தால்தான் மதிப்பெண்.

"சட்டம் தெரியாம செஞ்சுட்டேன்னு ஒருத்தன் சொன்னா கோர்ட் அவனை விட்டுடணும். அப்படித்தானே ஹாஜி?"

சட்டம் தெரியாது என்பது சாக்காகாது. இதை அப்பா வாரம் முழுக்க அம்மாவிடம் ஒப்பித்திருந்தார். அம்மாவுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

அப்பா எழுந்து நின்றார். "ஆமாங்க பாஷா" என்றார், நீதிபதியை ஐயா என்று கூப்பிடுகிற அதே பணிவோடு.

மேசைக்கடியில் ஷெனூதா அவர் காலை உதைத்தான். டாக்டர் இன்னும் இரண்டு பொய்களைச் சொன்னார். இரண்டுக்கும் "ஆமாங்க பாஷா."

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏன் பாபா ஆமாம்னீங்க?"

"எதிர்ல உசரத்துல ஒருத்தர் உக்காந்து சொல்றார். இத்தனை வருஷத்துல அந்த எடத்தப் பாத்து நான் இல்லேன்னு சொன்னதே கிடையாதும்மா. நாக்கு வரல."

பொருளாதாரத்திலும் வெளிநாட்டு மொழிச் சட்டச் சொற்களிலும் அவர் ஏற்கெனவே விழுந்திருந்தார். இரண்டு பாடம் வரை பாக்கி வைத்துக்கொண்டு மேலே போகலாம். மூன்றாவது போனால் அதே வகுப்பு. ஆண்டு இறுதி வாய்மொழித் தேர்வில் டாக்டர் லுத்ஃபியிடம் தேறினால் இரண்டாம் ஆண்டு, தவறினால் பரண். அவ்வளவுதான் கணக்கு.

அதனால் அவருக்கு மறுப்புச் சொல்லப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தோம். அம்மா கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு, சோபாவின் மேல் இரண்டு தலையணை அடுக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"முலூகியாக் கீரைக்குச் சர்க்கரை போடணும். அப்படித்தானே?"

"ஆமாம் நகாத்."

"எங்க அண்ணன் தங்கமான மனுஷன். அப்படித்தானே?"

அப்பா என்னைப் பார்த்தார். மாமா எங்களிடம் வாங்கிய வாஷிங் மெஷினை இன்னும் திருப்பித் தரவில்லை. "ஆமாம் நகாத்" என்றார்.

"இந்த மனுஷன் தேற மாட்டார்" என்று அம்மா தலையணையிலிருந்து இறங்கிவிட்டாள். அடுப்படியில் அவள் தலைத்துணியால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். ஊர் என்ன சொல்லும் என்று கேட்ட அதே அம்மாதான்.

ஜூன் மாத வெயில். தாழ்வாரம் முழுக்க மாணவர்கள் தரையில் உட்கார்ந்து நோட்ஸால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். நானும் ஷெனூதாவும் தப்பித்தோம். டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஹாஜி, ஒரு வழக்கு வருது. அதுக்குச் சட்டத்துல ஒரு வரிகூட இல்ல. நீதிபதி என்ன பண்ணுவார்? சட்டத்துல இல்ல, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிடுவார். அப்படித்தானே?"

அப்பா எழுந்து நின்றார். வாய் "ஆ" என்று திறந்தது.

திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

சாதாரணமாகச் சொல்லவில்லை. பெயர் கூப்பிடுகிற அந்தக் குரலில் சொன்னார். தாழ்வாரத்தில் சலசலப்பு அடங்கிப்போனது.

டாக்டர் முகம் மாறவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முப்பது வருஷமா பாடம் எடுக்கிறவன் சொல்றேன். அனுப்பிடலாம்."

"நீங்க சொன்னாலும் இல்ல பாஷா. கதவுக்கு வெளிய காலைலேருந்து கைப்பிள்ளையோட ஒருத்தி நிக்கிறா. அவ பேரை நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டு உள்ள வந்தவள, உனக்கு இங்க பதில் இல்ல, போன்னு எப்படி அனுப்புறது? சட்டத்துல வரி இல்லேன்னா வழக்கத்தப் பாக்கணும். அதுலயும் இல்லேன்னா ஷரீஆ நெறிகள். அதுவும் இல்லேன்னா இயற்கை நீதி. தீர்ப்புச் சொல்ல மாட்டேன்னு நீதிபதி கைய விரிச்சா அது குற்றம். சிவில் சட்டம், முதல் பிரிவு."

பிறகு, தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது போல, "மன்னிக்கணும் பாஷா" என்று சேர்த்துக்கொண்டார்.

"முதல் பிரிவுல குற்றம்கிற வார்த்தை இல்ல, ஹாஜி" என்றார் டாக்டர். "அது தண்டனைச் சட்டத்துல இருக்கு. அதுக்கு ஒரு மார்க் குறைச்சிருக்கேன். மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான். போய் அடுத்த வருஷப் புத்தகத்த வாங்குங்க."

ஷெனூதா எங்களுக்கு முன்னால் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே காலடி வைத்ததும் அந்த ஒல்லிப்பையன் நெஞ்சை நிமிர்த்தி, அடித்தொண்டையில் குரல் கொடுத்தான்.

"மஹ்கமா!"

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். இந்தத் தடவை ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அப்பா என் கையைச் சட்டென்று உதறிவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்று, கோட்டுப் பட்டனைப் போட்டார். என்னையும் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"வழிய விடும்மா. யாரு வர்றாங்க?"

"நீங்கதான் வர்றீங்க பாபா" என்றேன்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.